மெதுவாக ஓடிய விளையாட்டும் நல்லாய்வு மன்றமும்

ஒசாகாவில் பேருந்து ஓட்டுகிற உராபே ஷோஜி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பந்தயக் கார் ஓட்டுவார். கம்ப்யூட்டரில்தான். எதிர்த்து ஓட்டுவது அவருடைய ஒரே மகள் மாஹோ. அவள் வடக்கே ஸப்போரோவில் மாட்டு வைத்தியம் பார்க்கிறாள்.

போனில் பேசினால் இருவருக்கும் பேச்சு வராது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "குளிரா?" "குளிர்தான்." அதோடு முடிந்துவிடும். ஆனால் 'மலைப்பாதை மன்னன்' என்ற அந்த விளையாட்டுக்குள் ஆளுக்கொரு காரில் ஏறி, காதில் கருவியை மாட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்க ஆரம்பித்தால், எங்கே ஒளிந்திருந்ததோ, பேச்சு தானாக வந்துவிடும். எந்த மாடு உதைத்தது, எந்தப் பண்ணைக்காரர் தன் மகனுக்குப் பெண் கேட்டார், இவள் என்ன சொல்லித் தப்பித்தாள், எல்லாம் ஒவ்வொரு வளைவாக வெளியே வரும். உராபேக்கு வாரம் முழுதும் ஓட்டுகிற பஸ் சம்பளத்துக்கு. ஞாயிறு ஓட்டுகிற கார்தான் வாழ்க்கைக்கு.

ஒரே ஒரு குறை. அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். கௌரவமான தோல்வி என்றால் பரவாயில்லை. மாஹோ மலையடிவாரம் போய்ச் சேர்ந்து, எழுந்து போய்க் காபி போட்டு, குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தால், அப்பாவின் வெள்ளைக் கார் அப்போதுதான் கடைசி வளைவில் மரியாதையாக எட்டிப் பார்க்கும்.

"வந்துட்டியா அப்பா? நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சேன்."

"இல்லம்மா, இங்க என்னமோ இழுக்குது. வண்டி நகரவே மாட்டேங்குது."

அவர் குரல் இறங்கிப்போனதைக் கேட்டு மாஹோவுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "நீ டவுன்லோடு பண்ணி வாங்கினதுதானே? அதான். நான் பெட்டியோட டிஸ்க் வாங்கினேன். டவுன்லோடு கேம் கொஞ்சம் மெதுவாத்தான் ஓடுமாம். எல்லாரும் சொல்றாங்க" என்றாள்.

எல்லாரும் என்றால் யார் யார் என்று உராபே கேட்கவில்லை. முழுகப் போகிறவன் கைக்கு ஒரு பலகை கிடைத்தால், அது எந்த மரம் என்றா விசாரிப்பான்?

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கிமியோ விசாரித்தாள். "ஆமாமா, கம்ப்யூட்டர்தான் மெது, நீங்க மின்னல். நேத்து சூப் ஆறுது வாங்கன்னு கூப்பிட்டேன். நீங்க வந்து உக்கார்றதுக்குள்ள அதுல போட்ட தோஃபுக் கட்டியே கரைஞ்சு போச்சு."

மறுநாள் அவர் நிப்போன்பாஷியில் ஒரு கேம் கடைக்குப் போய்க் கேட்டார். கடைக்காரர் தலையைத் தூக்காமலேயே பதில் சொன்னார்: "ரெண்டும் ஒண்ணுதாங்க. டிஸ்க்ல வந்தாலும் சரி, கம்பி வழியா வந்தாலும் சரி, கடைசியில உங்க கம்ப்யூட்டருக்குள்ளதான் போய் உக்காருது. அங்கேர்ந்துதான் ஓடுது. தபால்ல வந்த அரிசியும் கடையில வாங்கின அரிசியும் ஒரே மாதிரிதானே வேகும்?"

தெளிவான பதில். ஆனால் உராபேக்கு வேண்டிய பதில் இது இல்லை. ஆகவே அவர் மேலிடத்தில் கேட்பது என்று முடிவு செய்தார். மேலிடத்தின் விலாசம் அவர் ஓட்டுகிற பஸ்ஸுக்குள்ளேயே, கம்பிக்கு மேலே வெளிறிப்போன ஒரு சுவரொட்டியில் இருந்தது: 'மின்வழியில் வாங்கிய பொருளில் ஐயமா? தயங்காமல் கேளுங்கள். மின்வழிப் பண்ட நடுநிலை நல்லாய்வு மன்றம்.'

இந்த மன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொருள்கள் கம்பி வழியாக வீட்டுக்கு வர ஆரம்பித்த காலத்தில், தோக்கியோவில் யாரோ ஒரு பெரியவர் கவலைப்பட்டார். அந்தக் கவலைக்கு ஒசாகாவில் ஒரு கட்டடம் ஒதுக்கினார்கள். கட்டடத்துக்கு நாற்காலிகள் வாங்கினார்கள். நாற்காலிகளில் உட்கார, வேறு வேறு துறைகளில் ஓய்வுபெற்றவர்கள் வந்தார்கள். பிறகு ஜனங்கள் தங்கள் சந்தேகங்களை அக்கம்பக்கத்தில் கேட்டுத் தீர்த்துக்கொண்டுவிட்டதால், மன்றத்துக்கு வேலை வரவில்லை. மன்றம் அதற்காகச் சோர்ந்து போகவில்லை. காலையில் எழுந்து நின்று மன்றத்தின் கொள்கையைச் சேர்ந்து படித்தார்கள். கடிதங்கள் எழுதிப் பக்கத்து அறைக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்கள். டிஸ்க் பிரிவு டவுன்லோடுப் பிரிவின் மேல் குறை சொன்னது. டவுன்லோடுப் பிரிவு அதற்கு விளக்கம் எழுதியது. அந்த வருஷம் அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: மார்ச் மாதத்துக்குள் பொதுமக்களிடமிருந்து ஒரு கேள்வியாவது வராவிட்டால் மன்றத்தைக் கலைத்துவிடுவதாக உத்தேசம்.

உராபே போன் செய்தது பிப்ரவரியில்.

"வணக்கம், நல்லாய்வு மன்றம். தவறான எண்ணுக்கு வந்துட்டீங்கன்னா மன்னிக்கணும்" என்றது ஒரு பெண் குரல்.

"இல்லைங்க, ஒரு சந்தேகம் கேக்கணும்."

"எங்ககிட்டயா?"

"ஆமாங்க. டவுன்லோடு பண்ணின கேம், டிஸ்க்ல இருக்கறத விட மெதுவா ஓடுமா?"

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. இன்னொன்று. பிறகு கும்பலாகக் கை தட்டுகிற சத்தம் கேட்டது. "அப்படியே இருங்க. போனை மட்டும் வச்சிடாதீங்க" என்றது அந்தக் குரல், அழுகையை அடக்கிக்கொண்டு.

மறுநாள் மூன்று பேர் கறுப்புக் கோட்டு அணிந்து உராபேயின் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். முதலில் நின்றவர் மன்றத் தலைவர் சைகுசா. முப்பது வருஷம் கடல்பாசி ஏற்றுமதியை மேற்பார்த்துவிட்டு, அந்த அனுபவத்தின் பலத்தில் மின்வழிப் பண்டங்களுக்கு வந்தவர். அவருக்கு இடப்புறம் டவுன்லோடுப் பிரிவின் தலைவி கவாசுமி. வலப்புறம் டிஸ்க் பிரிவின் தலைவர் நுகாதா. இந்த இருவருக்கும் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. சைகுசா குனிந்து வணங்கினார். கவாசுமி அவரைவிடக் கொஞ்சம் தாழக் குனிந்தாள். அதை ஓரக்கண்ணால் பார்த்த நுகாதா இன்னும் தாழக் குனிந்தார். கவாசுமி மறுபடி இறங்கினாள். செருப்பு வைக்கிற தட்டு வரைக்கும் இருவர் தலையும் போனபோது, கிமியோ, "போதும், எந்திரிங்க, இடுப்புப் பிடிச்சுக்கும்" என்றாள்.

"இந்தக் குடும்பம் நாட்டுக்குச் செய்திருக்கும் தொண்டு சாதாரணமானது அல்ல" என்று சைகுசா ஆரம்பித்தார். "இன்றைய மக்கள் கேள்வி கேட்பதில்லை. நேராகப் பதிலுக்குப் போய்விடுகிறார்கள். உராபே அவர்கள் அப்படிச் செய்யவில்லை."

"கடையில கேட்டேங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாங்க" என்றார் உராபே வெகுளியாக.

மூன்று முகங்களும் ஒரே நேரத்தில் வெளுத்தன. "அதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா?" என்றார் சைகுசா.

"இல்ல."

"நல்லது. சொல்லாதீர்கள். கேட்டவுடன் பதில் சொல்லிவிடுகிற இப்படிப்பட்ட ஆட்களால்தான் இந்த நாட்டில் ஆராய்ச்சி வளராமல் கிடக்கிறது."

முதல் படியாக, சம்பந்தப்பட்ட விளையாட்டை மன்றத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். உராபே விடுப்பு எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு, மன்றம் இருந்த தெம்மாபாஷிக்குப் போனார். கவாசுமி போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"இது கம்ப்யூட்டர்."

"ஆமாங்க. கேம் இதுக்குள்ளதான் இருக்கு."

"நாங்கள் கேட்டது விளையாட்டை. நீங்கள் ஒரு மீனைக் கொடுக்கச் சொன்னால் கடலையே தூக்கிக்கொண்டு வருவீர்களா? விளையாட்டை மட்டும் தனியாக எடுத்து வாருங்கள்."

உராபே மறுபடியும் போர்வையைச் சுற்றிக்கொண்டு திரும்பினார். நிப்போன்பாஷிக் கடைக்காரரே விளையாட்டை ஒரு வெற்று டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தார். "எதுக்குங்க இது?" என்று கேட்டவரிடம் உராபே விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

டிஸ்க்கைக் கண்டதும் கவாசுமி அதைத் தொடவே மறுத்தாள். "டிஸ்க்கை நான் கையால் தொட்டால் என் பிரிவில் என்ன நினைப்பார்கள்? இது எதிர் அறைக்குப் போக வேண்டியது."

எதிர் அறையில் நுகாதா அதை வெள்ளைக் கையுறை போட்டு வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகு. டிஸ்க் என்றால் ஒரு எடை இருக்கிறது, ஒரு வட்டம் இருக்கிறது. வானத்திலிருந்து இறங்கினதாகச் சொல்லிக்கொள்கிற அந்தச் சரக்குக்கு என்ன இருக்கிறது? உங்கள் புகார் என்ன?"

"டவுன்லோடு கேம் மெதுவா ஓடுதான்னு..."

"ஆனால் இது டிஸ்க் ஆயிற்றே."

"டவுன்லோடு பண்ணினத டிஸ்க்ல போட்டுக் கொண்டாந்தேங்க. அங்க கேட்டாங்க."

"அப்படியானால் உங்களிடம் டவுன்லோடே இல்லை. டிஸ்க் வைத்திருக்கிற ஒருவர் டவுன்லோடைப் பற்றி எப்படிப் புகார் செய்ய முடியும்? இது பொறாமை வழக்கில் வரும்."

உராபே நடைபாதையில், இரண்டு அறைகளுக்கும் நடுவே, டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் பஸ்ஸைத் தவறான பாதையில் விட்டது கிடையாது. இங்கே பாதையே இல்லை. கடைசியில் சைகுசாவே வெளியே வந்து சமரசம் செய்தார்: கம்ப்யூட்டரை அப்படியே கொண்டுவந்து ஒப்படைத்துவிடலாம். அது எந்தப் பிரிவின் அறையிலும் இருக்காது. லிஃப்ட்டுக்கு எதிரே, தாழ்வாரத்தில் ஒரு மேஜை போட்டு, சிவப்பு அரக்கு முத்திரை வைத்து, விசாரணை முடியும் வரை காக்கப்படும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உராபே கம்ப்யூட்டர் இருந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாஹோ போன் செய்தாள்.

"சாப்பிட்டியா அப்பா?"

"சாப்பிட்டேன். நீ?"

"சாப்பிட்டேன்."

"குளிரா?"

"குளிர்தான்."

இருவரும் கொஞ்ச நேரம் மூச்சு விட்டார்கள். "சரி, வைக்கட்டுமா?" என்றாள் மாஹோ. அதற்கு அடுத்த ஞாயிறும் இதேதான். அதற்கும் அடுத்த ஞாயிறு அவள் போன் செய்யவில்லை. ஏதோ மாடு கன்று போடுகிற நேரம் என்று அம்மாவுக்கு மட்டும் செய்தி அனுப்பியிருந்தாள். கிமியோ அதைப் படித்துக் காட்டிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, எந்தக் கிண்டலும் செய்யாமல் அடுப்படிக்குப் போனாள். அந்த மௌனம்தான் உராபேயை உலுக்கியது. அவர் நேராக மன்றத்துக்குப் போனார்.

"ஐயா, என் கேள்விய நான் வாபஸ் வாங்கிக்கிறேன். கம்ப்யூட்டர மட்டும் குடுத்துடுங்க."

சைகுசா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தேநீரை அவரே ஊற்றினார்.

"உராபே அவர்களே, உங்களிடம் மனம் விட்டுப் பேசுகிறேன். உங்கள் கேள்வி வருவதற்கு முன் இந்தக் கட்டடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இடிந்துபோன முகங்கள். நுகாதா நாள் முழுக்க ஜன்னல் வழியாகப் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இன்று ஓடுகிறார். கவாசுமி தனக்குக் கீழே புதிதாக இரண்டு பேர் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஃபுகுவோகாவில் கிளை திறக்க இடம் பார்த்தாகிவிட்டது. இத்தனையும் உங்கள் ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது. நீங்கள் அதை உருவினால் எத்தனை பேர் தலையில் கூரை விழும், யோசித்தீர்களா?"

"அப்படின்னா சீக்கிரம் பதிலாவது சொல்லிடுங்களேன்."

"பதில் சொன்னாலும் கூரை விழும் அல்லவா?" என்றார் சைகுசா மிக அன்பாக. "ஒரு நல்ல கேள்வியைப் பதில் சொல்லிக் கெடுப்பது எங்கள் மன்றத்தின் வழக்கம் அல்ல. கடல்பாசித் துறையில் நான் முப்பது வருஷம் ஒரு கேள்வியையும் முடிக்கவில்லை. ஒருவரும் குறை சொன்னது கிடையாது."

வாபஸ் வாங்குவதற்குப் பதில், உராபேக்கு நிபுணர் குழுவில் 'கேள்வியாளர்' என்று ஒரு நாற்காலி கிடைத்தது. குழுவின் முதல் வேலை, மெதுவாக ஓடுவது என்றால் என்ன என்று வரையறுப்பது. ரயில் கால அட்டவணைகளில் வல்லவரான ஒரு பேராசிரியரை அழைத்திருந்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசினார்:

"தாமதம் என்பது வாக்குறுதியை மீறுவது. ரயில் எட்டரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு எட்டு முப்பத்தொன்றுக்கு வந்தால் அது தாமதம். நாங்கள் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறோம். இந்த விளையாட்டுக் கார், தான் எப்போது மலையடிவாரம் வந்துசேரும் என்று எங்காவது அறிவித்திருக்கிறதா? இல்லை. ஆகவே அது எவ்வளவு மெதுவாக வந்தாலும் தாமதமாக வந்ததாகாது. அது வருகிறது, அவ்வளவுதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். உராபேயும் தட்டினார். இந்தத் தத்துவத்தை மகளிடம் சொல்லலாமே என்று ஒரு கணம் தோன்றியது. சொல்வதற்கு வாரம் ஒரு முறை வந்த வாய்ப்பு, லிஃப்ட்டுக்கு எதிரே அரக்கு முத்திரையோடு உட்கார்ந்திருந்தது.

மார்ச் பிறந்தது. மன்றம் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க அமைச்சகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. அவளுக்குக் காட்ட ஏதாவது வேண்டும். ஆகவே பொதுச் சோதனை ஒன்று அறிவித்தார்கள். டிஸ்க் தரப்பின் சாட்சியாக, டிஸ்க்கையும் தன் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு நேரில் வரும்படி ஸப்போரோவில் இருக்கிற மாஹோவுக்கு அழைப்பு போயிற்று. விமானச் சீட்டையும் அவர்களே அனுப்பினார்கள். மன்றம் தன் சரித்திரத்தில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று கிமியோ பிற்பாடு சொன்னாள்.

சோதனை நாளன்று மாநாட்டு அறையில் ரோஜாப்பூ வைத்த மேடை. மேடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் அருகருகே, நாடா கட்டி. முதலில் சைகுசா பேசினார். பிறகு சைகுசாவின் பேச்சுக்கு நன்றி சொல்லி ஒருவர் பேசினார். அந்த நன்றியைச் சைகுசா ஏற்றுக்கொண்டு பேசினார். கவாசுமி தன் தரப்புக் கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். நுகாதா மாஹோவின் கம்ப்யூட்டரைப் பார்த்து இரண்டு போட்டார்.

மாஹோ அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு கேட்டாள். "என்னப்பா இதெல்லாம்? நான் சும்மா உன் மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு இவ்ளோ பேரக் கூட்டி வச்சிருக்க?"

"நான் எங்கம்மா கூட்டினேன்? அவங்களே கூடிட்டாங்க."

மணி அடித்தது. முதல் ஓட்டம். மகள் டிஸ்க்கில், அப்பா டவுன்லோடில். மாஹோ அடிவாரம் போய்ச் சேர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். சபை காத்திருந்தது. அதிகாரி கொட்டாவியை விழுங்கினாள். வெள்ளைக் கார் கடைசியில் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. நுகாதா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டிஸ்க் வென்றது! வட்டம் வென்றது!" என்றார். கவாசுமியின் உதடு துடித்தது.

இரண்டாவது ஓட்டத்துக்கு இடத்தை மாற்றிக்கொண்டார்கள். இப்போது அப்பா டிஸ்க்கில், மகள் டவுன்லோடில். இத்தனை நாளும் உராபே நம்பியிருந்தது இந்த ஓட்டத்தைத்தான். டிஸ்க்கில் உட்கார்ந்தால் தானும் பறக்கலாம். ஒரே ஒரு முறை, மகளுக்குப் பின்னால் இல்லாமல் பக்கத்தில் ஓடலாம்.

மாஹோ அடிவாரம் போய்ச் சேர்ந்தாள். வெள்ளைக் காருக்குப் பதில் இப்போது அப்பா ஓட்டியது மகளின் சிவப்புக் கார், அவ்வளவுதான் வித்தியாசம். அது மலையின் பாதி உயரத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது கவாசுமி கண்ணைத் துடைத்தாள். நுகாதா உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு கேமும் ஒரே வேகத்துலதானே ஓடுது?" என்றாள் அமைச்சக அதிகாரி. "இதுல விசாரிக்க என்ன இருக்கு?"

உராபே தலையைக் குனிந்துகொண்டே ஓட்டினார். அவருக்கும் புரிந்துவிட்டது. டிஸ்க்கும் இல்லை, டவுன்லோடும் இல்லை. மெதுவாக ஓடியது அவரேதான்.

ஆனால் மாஹோ வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அப்பாவின் குரலைத்தான் கேட்டிருக்கிறாள். அவர் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. உராபே ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்தார். திரையில் இல்லாத ஒரு கண்ணாடியைப் பார்க்கத் தலையை உயர்த்தினார். வளைவில் சீராக, கொஞ்சமும் குலுங்காமல் திரும்பினார். நின்றுகொண்டு வருகிற பயணிகள் விழுந்துவிடக் கூடாதே. பிறகு, மலைக் கிராமம் ஒன்று வந்த இடத்தில், காரை ஓரம் கட்டி முழுவதுமாக நிறுத்தினார்.

"அப்பா, ஏன் நிறுத்தின?"

"பஸ் ஸ்டாப்."

மாஹோ குனிந்து பார்த்தாள். சாலையோரம் அழகுக்காக ஒரு நிழற்குடை வரைந்து வைத்திருந்தார்கள். அதன் கீழே பையோடு ஒரு பெண்மணி. அந்தப் பாதையில் நூறு தடவை ஓட்டியும் மாஹோவின் கண்ணில் அது பட்டதே இல்லை.

"அது படம்பா!"

"படம்னு தெரியும். ஆனா ஆள் நிக்குதே, எப்படிம்மா விட்டுட்டுப் போறது? கால் தானா பிரேக்குக்குப் போயிடுது."

மாஹோ சிரிக்க ஆரம்பித்தாள். மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அந்தச் சபையின் கண்ணியம் மொத்தமும் குலுங்கச் சிரித்தாள். உராபேக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இதற்குள் சைகுசா மேடையேறிவிட்டார். கூரை விழப்போகிற ஓசையை வேறு யாரைவிடவும் முதலில் கேட்பவர் அவர்.

"அதிகாரி அவர்களே, பெரியோர்களே! மன்றம் இன்று ஒரு மாபெரும் உண்மையைக் கண்டறிந்திருக்கிறது. மெதுத்தன்மை டிஸ்க்கிலும் இல்லை, டவுன்லோடிலும் இல்லை. கேள்வியாளர் எங்கே போகிறாரோ அங்கே அதுவும் போகிறது! இப்படி ஒரு விஷயம் உலகில் வேறு எங்கும் ஆராயப்பட்டதில்லை. ஆகவே இன்று முதல் நம் மன்றத்தில் மூன்றாவதாக ஒரு பிரிவு உதயமாகிறது. கேள்வியாளர் பிரிவு!"

அதிகாரி யோசித்தாள். முடிவு என்று ஒன்று வந்திருக்கிறது. முடிவு வந்த மன்றத்தைக் கலைத்தால் அமைச்சகத்தில் அவளைத்தான் விளக்கம் கேட்பார்கள். அவள் மெல்லத் தலையசைத்தாள். கவாசுமியும் நுகாதாவும், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

கம்ப்யூட்டரின் முத்திரையை உடைத்து அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். உராபே அதைப் போர்வையில் சுற்றப் போனபோது, வெள்ளைக் கையுறையோடு வந்த நுகாதா அவருடைய கோட்டுப் பொத்தானில் ஒரு அட்டையைக் கட்டினார். 'சான்றுப் பொருள்' என்று எழுதியிருந்தது.

"கம்ப்யூட்டர் போகலாம். நீங்கள் இருக்க வேண்டியிருக்கும்" என்றார் சைகுசா. "லிஃப்ட்டுக்கு எதிரே இடம் காலியாகத்தான் இருக்கிறது. நாற்காலி போட்டுத் தருகிறோம்."

உராபே செய்வதறியாமல் மகளைப் பார்த்தார். மாஹோ அம்மாவுக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"அப்பாவ இங்கேயே வச்சுக்கறாங்களாம்மா."

"தாராளமா வச்சுக்கச் சொல்லு" என்றது கிமியோவின் குரல், அறை முழுக்கக் கேட்கும்படி. "ஆனா ஒண்ணு. காலையில அஞ்சு மணிக்கே எந்திரிச்சு ஹார்மோனியம் மாதிரி இருமுவாரு. தோஃபு கெட்டியா இருந்தா சாப்பிட மாட்டாரு. ஒரு கதவையும் சாத்த மாட்டாரு. வாங்கினத திருப்பி எடுத்துக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

மன்றத்தினர் சற்றுத் தயங்கினார்கள். ஆனாலும் விடுவதாக இல்லை. மாஹோ போனை அணைத்துவிட்டு எழுந்தாள். பிடிவாதம் பிடிக்கிற மாட்டை முன்னால் நின்று இழுக்கக் கூடாது, பக்கவாட்டில் தட்டித் திருப்ப வேண்டும் என்பது அவள் வேலையில் தினமும் படிக்கிற பாடம்.

"தலைவர் ஐயா, எனக்கும் ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

'சந்தேகம்' என்ற சொல்லைக் கேட்டதும் அறையிலிருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கேளுங்கள், கேளுங்கள்."

"இவர் மெதுவா ஓட்டறார்ன்னு இவர மட்டும் வச்சு ஆராய்ச்சி பண்றீங்க. ஒருவேளை இவர் சரியான வேகத்துல ஓட்டி, நான்தான் தப்பா வேகமா ஓட்டறேன்னா? உங்க பேர்லயே நடுநிலைன்னு இருக்கே. ஒரு பக்கத்த மட்டும் பிடிச்சு உக்கார வச்சா அது நடுநிலையா?"

சைகுசாவின் முகத்தில் விடியற்காலை போல ஒரு ஒளி படர்ந்தது. "சரியான வேகம் எது?" என்று அவர் முணுமுணுத்தார். "கவாசுமி, கேட்டாயா? சரியான வேகம் எது! இதற்கு வரையறையே இல்லையே!"

"இருக்க வாய்ப்பே இல்லை" என்றாள் கவாசுமி, நெகிழ்ந்துபோய்.

"பேராசிரியரைக் கூப்பிடுங்கள். துணைக்குழு வேண்டும். வெளிநாட்டுப் பயணம்கூடத் தேவைப்படலாம்." சைகுசா இருவர் பக்கமும் திரும்பினார். "வரையறை முடிவாகும்வரை எந்தத் தரப்பையும் பிடித்து வைப்பது முறையல்ல. நீங்கள் இருவரும் போகலாம். சில வருஷங்கள் ஆகும்."

அப்பாவும் மகளும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டில் கீழே வந்தார்கள். வெளியே ஆற்றங்கரையில் பிளம் பூத்திருந்தது. வண்டிக்கடையில் ஆவி பறக்கத் தாகோயாகி உருண்டைகள் வாங்கி, கம்ப்யூட்டர்களைப் பெஞ்சில் நடுவே உட்கார வைத்துவிட்டு, இருவரும் ஊதி ஊதித் தின்றார்கள்.

"நான் இனிமே பிரேக் போடாம ஓட்டிப் பழகறேன்" என்றார் உராபே.

"ஒண்ணும் வேணாம்" என்றாள் மாஹோ, வாய் சுட்டுக்கொண்டு. "நீ வேகமா வந்துட்டா பேச்சு பாதியில நின்னு போயிடும். நான் கீழ போய் ஏன் காபி குடிச்சிட்டு வர்றேன்னு நெனச்ச? நீ வந்து சேர்ற வரைக்கும் பேச்ச முடிச்சு வைக்க வேணாமேன்னுதான்."

உராபே கடைசி உருண்டையை அவள் பக்கம் தள்ளினார்.

சரியான வேகம் குறித்த துணைக்குழு இப்போதும் கூடுகிறது. ஃபுகுவோகாக் கிளையைத் திறந்துவிட்டார்கள். பேராசிரியர் சுவிட்சர்லாந்து போய்ப் பார்த்துவிட்டு, அங்கேயும் இதற்கு விடை இல்லை என்று மகிழ்ச்சியோடு திரும்பியிருக்கிறார்.

அந்தச் சோதனைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மலைக் கிராமத்து நிழற்குடையருகே வெள்ளைக் கார் வழக்கம்போல ஓரம் கட்டி நின்றது. எப்போதும் அந்த நேரத்தில் அடிவாரத்தில் இருக்க வேண்டிய சிவப்புக் கார், மெதுவாக வந்து அதன் பின்னால் நின்று, ஒரு தடவை ஹாரன் அடித்தது.

"அந்தம்மா ஏறியாச்சா?" என்றது காதில் மாஹோவின் குரல்.

"இரும்மா" என்றார் உராபே. "இன்னொருத்தர் ஓடி வர்றார்."